பனி இறங்கினால் 100, வெயில் வந்தால் 1000

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், அரவேனுக்குப் பக்கத்தில் தேயிலைச் சரிவில் இருக்கிறது. கணவர் கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கிறார். நான் மாடி அறையில் உட்கார்ந்து அதைத் தொகுக்கிறேன். என் லேப்டாப்பில் எட்டு ஆண்டுகளாக விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான், தொகுப்புக்கு கேடன்லைவ் என்ற நிரல். எடுத்து வரும் வீடியோ எல்லாம் கீழறையில் இருக்கும் பழைய மேசைக் கணினியில் சேர்கிறது. அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடுகிறது. சுவர் ஒன்றரை அடி கனத்துக் கருங்கல். வைஃபை மாடிக்கு ஏறுவதற்குள் வலுவிழந்துவிடும். ஆகவே மூன்று வருடங்களுக்கு முன்னால், கீழறையில் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து வீட்டைச் சுற்றி, தாழ்வாரத்துக்கு அடியில் ஒரு நெட்வொர்க் கேபிளை நாங்களே இழுத்து மாடிக்கு ஏற்றினோம். கையிலிருந்த கேபிள் நீளம் போதவில்லை. இரண்டு துண்டுகளை நடுவில் ஒரு கப்ளர் போட்டு இணைத்து, அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினோம். பின்னால் வந்த தொல்லையில் பாதி அந்த டேப்புக்குள் இருந்தது. மீதிப் பாதியை லேப்டாப்புக்குள் நானே உண்டாக்கினேன்.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி மாதத்தில் முகூர்த்தங்களும் மழையும் ஒன்றாக வரும். வேலை குவிந்திருந்த அந்த நேரத்தில்தான் முதல் அறிகுறி தெரிந்தது. ஒரு கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போது, திரையின் ஓரத்தில் இருக்கும் நெட்வொர்க் குறி மறையும். நாலைந்து நொடி கழித்துத் திரும்பி வரும். நகலெடுப்பு அப்படியே நின்றுவிடும். கேமராவின் ஒரு மெமரி கார்டில் ஏறத்தாழ 40 ஜிபி இருக்கும். கிகாபிட் வேகத்தில் நல்லபடியாகப் போனால் அது 6 நிமிட வேலை. அன்று இரண்டு மணி நேரம் போராடினேன்.

லினக்ஸில் கம்பி வழி இணைப்பின் நிலையைப் பார்க்க ஈத்டூல் என்று ஒரு சிறிய நிரல் இருக்கிறது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், நிர்வாகி அனுமதிக்கு சூடோ, அடுத்து ஈத்டூல், பிறகு நெட்வொர்க் கார்டின் பெயர். இவ்வளவுதான் கட்டளை. கார்டின் பெயர் முன்பெல்லாம் ஈத்0 என்று எளிமையாக இருந்தது. இப்போது பெரும்பாலும் ஈஎன்பி2எஸ்0 என்பதுபோல, மதர்போர்டில் கார்டு எங்கே இணைந்திருக்கிறது என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஐபி லிங்க் என்று தட்டினால் உங்கள் கார்டின் பெயர் தெரிந்துவிடும். நான் பார்த்தபோது வேகம் 1000 என்று வந்தது, அதாவது நொடிக்கு 1000 மெகாபிட், ஒரு கிகாபிட். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 100. அப்புறம் இணைப்பே இல்லை. அப்புறம் மறுபடி 1000.

இங்கேதான் அவசரப்பட்டேன். வேகம் மாறிக்கொண்டே இருப்பதால்தான் இணைப்பு அறுகிறது, ஆகவே வேகத்தை ஒரே இடத்தில் பூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யாரோ எப்போதோ சொன்ன யோசனைதான் அது. நெட்வொர்க் மேனேஜரின் இணைப்புத் திருத்தும் சாளரத்தில், லிங்க் நெகோஷியேஷன் என்ற இடத்தில் மேனுவல் என்று தேர்ந்து, வேகம் 100, டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் போகலாமா என்பது) ஃபுல் என்று போட்டுச் சேமித்துவிட்டேன். இணைப்பு அறுவது உடனே நின்றது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் குன்னூரில் ஒரு கல்யாணம். இரவு மெமரி கார்டைச் செருகி நகலெடுக்கக் கொடுத்தால், இன்னும் 11 மணி நேரம் ஆகும் என்று காட்டியது. நொடிக்கு 1 எம்பி கூடத் தேறவில்லை. 100 மெகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் போக வேண்டும். 40 ஜிபி ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். விசித்திரம் என்னவென்றால் மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தன. மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால் பதில் ஒரு மில்லி நொடிக்குள் வந்தது. இணையப் பக்கங்கள் திறந்தன. ஈத்டூலும் வேகம் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று நான் கேட்டதையே காட்டியது. பெரிய கோப்பு மட்டும் நகர மறுத்தது.

அதன்பிறகு மூன்று மாலைப் பொழுதுகள் வீணாயின. கீழறையின் ஹார்டு டிஸ்க் பழுதோ என்று சோதித்தேன், நன்றாக இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பழைய பதிப்பில் துவக்கிப் பார்த்தேன். மின்சிக்கன வசதியான இஇஇ-யை அணைத்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. இவற்றில் எதுவும் தவறான சோதனை இல்லை. ஆனால் எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அதற்கு நேர் தலைகீழாகச் செய்தேன்.

திருப்பம் மாமாவிடமிருந்து வந்தது. என் மாமனார் முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். கணினி பற்றி அவருக்குத் தெரியாது. நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, மெஷின் எந்த நேரத்தில் நிற்கிறது?” என்று கேட்டார்.

“எப்போது வேண்டுமானாலும் நிற்கிறது மாமா.”

“அப்படி ஒரு மெஷினும் நிற்காதம்மா. நேரத்தை எழுதிப் பார்.”

எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. லினக்ஸ் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையோடு இடைவெளி, கழித்தல் குறி, கே என்று சேர்த்தால் கர்னலின் குறிப்புகள் நேரத்தோடு வரும். இயல்பாக அது கடைசியாகத் துவக்கியதிலிருந்து மட்டுமே காட்டும். முந்தைய நாட்களைப் பார்க்க கழித்தல் பி, கழித்தல் 1 என்று பின்னோக்கிப் போக வேண்டும். நான் வேகத்தைப் பூட்டுவதற்கு முந்தைய வாரத்துக்குப் போனேன். லிங்க் டவுன், லிங்க் அப் என்று வரிசையாக இருந்தன. அவற்றின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்தேன். காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரை ஒரு வரிகூட இல்லை. மாலை மூன்றரைக்குப் பிறகு, மேகம் சரிவில் ஏறி வீட்டை மூடுகிற அந்த நேரத்தில், வரிகள் அடுக்கடுக்காக இருந்தன.

அவற்றுக்கு நடுவே நான் கவனிக்காமல் தாண்டிப் போன இன்னொரு வரியும் இருந்தது. கிகாபிட்டுக்குப் பேசி முடித்த இணைப்பு, உண்மையில் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது, கேபிளைச் சரிபார்க்கவும் என்பது அதன் பொருள். டவுன்ஷிஃப்ட் என்ற சொல்லை வைத்துத் தேடினால் கிடைக்கும். எல்லா கார்டுகளிலும் இந்தக் குறிப்பு வராது. வந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. கர்னல் ஒரு வாரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அமைப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நேரங்களைப் படித்துக் காட்டியதும் மாமா தாழ்வாரத்தைத்தான் பார்த்தார். தொழிற்சாலையில் மோட்டார் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறி மழைக்காலத்தில் மட்டும் மக்கர் செய்யும் என்றார். “வெளியில் ஜாயின்ட் இருக்கிறதா?”

எனக்கு அப்போது வந்த வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, கேமரா அலமாரியில் இரவும் பகலும் ஒரு சிறிய பல்பை எரியவிடுகிறோம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுகிறோம். இந்த மலையில் ஈரம் என்ன செய்யும் என்பது எங்கள் தொழிலுக்கே தெரியும். அந்த அக்கறையில் ஒரு துளிகூட தாழ்வாரத்துக் கப்ளருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இணைய இணைப்பு கொடுக்கும் அண்ணனைக் கூப்பிட்டோம். கேபிள் டெஸ்டரோடு வந்தார். அது இரண்டு துண்டாக இருக்கும் சிறிய பெட்டி. ஒன்றைக் கீழேயும் மற்றதை மாடியிலும் செருகினால், 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். ஆறு வரை எரிந்தன. “ஏழும் எட்டும் எரியவில்லை, பாருங்கள் அம்மா. பிரவுன் ஜோடி போய்விட்டது,” என்றார். ஏணி போட்டு டேப்பைப் பிரித்தபோது தண்ணீர் சொட்டியது. மழையை மறைக்கச் சுற்றிய டேப், உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. கப்ளருக்குள் இரண்டு ஊசிகள் பச்சையாகக் களிம்பேறி இருந்தன.

இரண்டு கம்பி போனதற்கு ஏன் இணைப்பு முழுதாகச் சாகவில்லை, ஏன் வேகம் மட்டும் ஊசலாடியது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 10 மெகாபிட்டுக்கும் 100 மெகாபிட்டுக்கும் இரண்டு ஜோடி போதும். நம் ஊரில் வழக்கமாகப் போடும் நிற வரிசையில் அவை ஆரஞ்சு, பச்சை. 1999-இல் தரப்படுத்தப்பட்ட செம்புக் கம்பி கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலமும் பிரவுனும் அங்கேதான் வேலைக்கு வருகின்றன.

கேபிளைச் செருகியதும் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. என்னால் இன்னின்ன வேகம் முடியும் என்று ஒவ்வொன்றும் அறிவிக்கிறது. இருவருக்கும் பொதுவான வேகங்களில் மிகச் சிறந்ததைத் தேர்ந்துகொள்கின்றன. ஆட்டோ நெகோஷியேஷன் என்பது இதுதான். 1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட்டோடு சேர்ந்து தரத்துக்குள் வந்தது. இந்தப் பேச்சு நடப்பது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில். ஆகவே பிரவுன் ஜோடி செத்திருந்தாலும் பேச்சு ஒழுங்காக நடக்கும்; இரண்டு முனையும் 1000 என்று ஒப்புக்கொள்ளும். பிறகு நான்கு ஜோடியிலும் ஓட முயலும்போது முடியாமல் விழும். மறுபடி பேசும், மறுபடி விழும். சில கார்டுகள் சில முயற்சிக்குப் பிறகு தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். மதிய வெயிலில் ஈரம் காய்ந்து தொடுமுனை ஏதோ பிடித்துக்கொண்டால் 1000 நிற்கும். பனி இறங்கினால் 100.

அப்படியானால் நான் 100 என்று பூட்டியது நல்லதுதானே, நல்ல இரண்டு ஜோடிகளில் ஓட வேண்டியதுதானே என்று தோன்றும். 100 என்பதில் குற்றமில்லை. பேச்சை நிறுத்தியதுதான் குற்றம்.

மேனுவல் என்று போட்டபோது என் லேப்டாப் தன் திறனை அறிவிப்பதையே விட்டுவிட்டது. மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச், அமைப்பு எதையும் மாற்ற முடியாத சாதாரணப் பெட்டி. அது பேசிப் பார்க்கிறது, பதில் இல்லை. வருகிற சமிக்ஞையை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துக்கொள்கிறது. ஆனால் டூப்ளெக்ஸ் என்ன என்பதைச் சமிக்ஞையிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே தர விதிப்படி ஹாஃப் என்று வைத்துக்கொள்கிறது. ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். ஹாஃப் என்றால் மாறி மாறித்தான்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. குறுகலான கொண்டை ஊசி வளைவில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். இப்போது ஒரு வண்டியோட்டி இது ஒருவழிக் குறுகல் என்று நின்று நின்று வருகிறார். எதிரில் வருபவர் இது அகலமான இருவழிச் சாலை என்று நினைத்து நிற்காமல் வருகிறார். சாலையில் இரண்டே வண்டிகள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. சந்தை நாள் கூட்டம் வந்தால் வளைவுக்கு வளைவு மோதல். பிங் ஏன் சுகமாகப் போனது, 40 ஜிபி ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் இதுவே. என் லேப்டாப் நிற்காமல் அனுப்பியது; ஸ்விட்ச் தான் பேசும்போது குறுக்கே சத்தம் கேட்டால் மோதல் என்று எண்ணிப் பாதியில் நிறுத்தியது; அந்தப் பாதித் துண்டுகள் லேப்டாப்புக்குப் பிழைகளாக வந்து சேர்ந்தன.

இந்தக் கோளாறை ஈத்டூலின் முதல் பார்வையில் பிடிக்க முடியாது. அது தன் பக்கத்தை மட்டும் சொல்லும்: 100, ஃபுல். எதிர்முனை ஹாஃப் என்பது அதற்குத் தெரியாது. பார்க்க வேண்டிய வரிகள் வேறு. ஆட்டோ நெகோஷியேஷன் என்ற வரியில் ஆஃப் என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். லிங்க் பார்ட்னர் அறிவித்த வேகங்கள் என்ற இடத்தில் நாட் ரிப்போர்ட்டட் என்று இருந்தால், மறுமுனையோடு பேச்சு நடக்கவில்லை என்று பொருள். அதோடு ஐபி, கழித்தல் எஸ், லிங்க் என்று தட்டினால் பெறப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை வரும். ஒரு பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டே இரண்டு மூன்று முறை பாருங்கள். நல்ல கம்பி இணைப்பில் அந்த எண் அசையவே கூடாது. என்னுடையது ஒவ்வொரு பார்வையிலும் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆனால் இவ்வளவும் எனக்குப் புரிந்தது, கேபிளை மாற்றிய பிறகுதான். வரிசைப்படி சொல்கிறேன்.

அண்ணன் புதுக் கேபிள் போட்டுத் தந்தார். இந்த முறை நடுவில் ஒட்டு இல்லாமல், ஸ்விட்ச் முதல் மாடி வரை ஒரே துண்டு, 35 மீட்டர். ஒரு கேபிள் ஓட்டத்துக்கு உச்ச வரம்பு 100 மீட்டர் என்பதால் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. வெளியில் போடுவதற்கென்றே கறுப்பு உறையோடு வரும் கேபிள். வாங்கும்போது அண்ணன் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிக் காட்டச் சொன்னார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. முழுச் செம்பு என்றால் சுரண்டிய இடமும் சிவப்பாகவே இருக்கும். விலை குறைவு என்று பூச்சுக் கம்பி வாங்கினால் கிரிம்பிங் செய்த, அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய இடத்தில் முறியும், ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். குரங்குகள் கேபிளில் தொங்கி விளையாடும் என்பதால் முழுவதையும் பிவிசி குழாய்க்குள் விட்டோம். சுவரில் துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்கும்படி போட்டார். துளைக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினார். கேபிளோடு ஒழுகி வரும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. இவ்வளவு எளிய விஷயம் மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்களுக்குத் தோன்றவில்லை.

டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: எட்டும் எரிந்தால் போதும் என்றும் இல்லை. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தவறான நிற வரிசையில் கிரிம்ப் செய்திருந்தால், கம்பிகள் தொடர்பில் இருக்கும், விளக்கு எரியும், ஆனால் ஒன்றாக முறுக்கிய ஜோடிகள் பிரிந்து வேறு வேறு வேலைக்குப் போயிருக்கும். கிகாபிட் தடுமாறும். ஆகவே விளக்கைப் பார்த்த கண்ணால் நிறத்தையும் பாருங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நீலம் நடுவில் வந்து பச்சையைப் பிரிப்பது தவறு போலத் தோன்றும்; அதுதான் சரி.

அண்ணன் போன பிறகு லேப்டாப்பைச் செருகினேன். 100. கப்ளர் இல்லை, களிம்பு இல்லை, முழுச் செம்பு. ஆனாலும் 100. நகலெடுப்பும் பழையபடி இழுத்தது. அந்த இரவு எனக்கு அழுகையே வந்தது. காலையில் கல்யாண வீட்டாருக்கு முன்னோட்ட வீடியோ கொடுக்க வேண்டும். கேபிளுக்கும் குழாய்க்கும் கூலிக்கும் கொடுத்த பணம் கண்முன் நின்றது. கணவர், ஸ்விட்சையும் மாற்றிவிடலாம் என்றார். நானும் தலையாட்டப் போனேன். மாமா கேட்ட கேள்விதான் நிறுத்தியது. மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மதியமும் மாலையும் ஒரே மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் இது வேறு நோய்.

ஈத்டூலை மறுபடி ஓட்டி, இந்த முறை மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆட்டோ நெகோஷியேஷன்: ஆஃப். யார் அணைத்தது? நான். பத்து நாளுக்கு முன்னால். ஒரு நோயை மறைக்கப் போட்ட கட்டு, அந்த நோய் போன பிறகும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

நெட்வொர்க் மேனேஜர் சாளரத்தில் மேனுவலை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் என்று போட்டேன். இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். கீழறையில் கணவர் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்விட்சில் 100-க்கு மஞ்சள், 1000-க்குப் பச்சை. “பச்சை வந்துவிட்டது!” என்று அவர் போட்ட சத்தம் கருங்கல் சுவரைத் தாண்டி மாடிக்குக் கேட்டது.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்வேன். வேகத்தை மாற்றிச் சோதிக்க விரும்பினால் நெட்வொர்க் மேனேஜரில் சேமிக்காதீர்கள். ஈத்டூலோடு கழித்தல் எஸ் என்று சேர்த்துக் கொடுக்கும் மாற்றம் அந்த நேரத்துக்கு மட்டும். கணினியை மறுபடி துவக்கினால் போய்விடும். சோதனைக்கு அந்தத் தற்காலிகத் தன்மைதான் பாதுகாப்பு. மறந்தாலும் தானே அவிழும்.

உண்மையாகவே 100-இல் நிறுத்த வேண்டிய தேவையும் வரலாம். கேபிள் பழுது என்று தெரிந்து, மழை விடும்வரை ஏணி போட முடியாத வாரங்கள் எங்கள் ஊரில் உண்டு. அப்போதும் பேச்சை அணைக்க வேண்டாம். பேச்சு நடக்கட்டும், ஆனால் என்னால் 100 ஃபுல் மட்டுமே முடியும் என்று லேப்டாப் அறிவிக்கட்டும். ஈத்டூலில் அட்வர்டைஸ் என்ற சொல்லோடு 0எக்ஸ்008 என்ற எண்ணைக் கொடுத்தால் அதுதான் நடக்கும். நெட்வொர்க் மேனேஜரில் ஆட்டோ நெகோஷியேட் என்பதை யெஸ் என்று வைத்து, வேகம் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று சேர்த்துக் கொடுத்தாலும் அதே பலன். மறுமுனைக்கும் டூப்ளெக்ஸ் தெரிந்துவிடுகிறது, மோதல் இல்லை. அந்த முதல் வாரத்தில் நான் இப்படிச் செய்திருந்தால் 40 ஜிபி ஒரு மணி நேரத்தில் போயிருக்கும், மூன்று மாலைகள் மிஞ்சியிருக்கும். செம்புக் கம்பியில் 1000-ஐப் பூட்ட நினைப்பவர்களுக்கு இன்னொன்று: கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். அதை அணைத்துவிட்டு 1000 வேண்டும் என்று கேட்பது நடக்காத காரியம்.

சரியாகிவிட்டதா என்று கோப்பை நகலெடுத்துப் பார்ப்பதைவிட ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலை ஓட்டிப் பார்ப்பது நல்லது. டிஸ்க் நடுவில் வராது; கம்பியை மட்டும் அளக்கலாம். கீழ்க் கணினியில் கழித்தல் எஸ் என்று ஓடவிட்டு, லேப்டாப்பிலிருந்து அதன் முகவரிக்குக் கழித்தல் சி என்று கொடுக்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பு நன்றாக இருந்தால் 94 மெகாபிட் அளவிலும், கிகாபிட் நன்றாக இருந்தால் 940 அளவிலும் வரும். கழித்தல் பெரிய ஆர் சேர்த்து எதிர்த்திசையிலும் அளந்துவிடுங்கள். மறு அனுப்புகைகளைக் காட்டும் பத்தி ஒன்று இருக்கும். நான் பூட்டி வைத்திருந்த நாட்களில் அளந்திருந்தால் அந்தப் பத்தியே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

மெல்லிய லேப்டாப்புகளில் இப்போது நெட்வொர்க் துளையே இருப்பதில்லை. யுஎஸ்பி அடாப்டர் போடுகிறார்கள். அதில் ஈத்டூல் 1000 என்று காட்டியும் வேகம் 300 சொச்சத்தில் நின்றால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். அடாப்டர் யுஎஸ்பி 2 துளையில் இருக்கலாம். அதன் மொத்தக் கொள்ளளவே 480 மெகாபிட்தான். எல்எஸ்யுஎஸ்பி, கழித்தல் டி என்று தட்டினால் 480-இல் இருக்கிறதா 5000-இல் இருக்கிறதா என்று தெரியும். லேப்டாப் தூங்கும்போது ஸ்விட்சில் வேகம் 10-க்கு இறங்கித் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். மின்சாரம் மிச்சம் பிடிக்க அது செய்யும் வேலை.

அடுத்த வீட்டுக்கோ ஷெட்டுக்கோ கேபிள் இழுக்க நினைப்பவர்கள் செம்புக் கம்பியைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓடும் செம்பு, இடி விழும்போது இரு முனைக் கருவிகளையும் கொண்டுபோய்விடும். ஒளியிழைக் கேபிளும், சமிக்ஞையை ஒளியாகவும் திரும்பவும் மாற்றும் இரண்டு பெட்டிகளும் போட்டால் அந்தக் கவலை இல்லை.

ஸ்விட்ச் இருக்கும் மரப்பெட்டியின் மூடிக்குள் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கேபிள் போட்ட தேதி, நீளம், நிற வரிசை மேலே. கீழே, நாங்கள் எந்த அமைப்பை மாற்றினாலும் அதன் தேதியும், அதை எப்போது திரும்ப எடுத்தோம் என்பதும். மாமா வாரம் ஒருமுறை என்னிடம் கேட்டு ஒரு வரி எழுதுகிறார். கடைசி வரி அவருடைய கையெழுத்தில்: கார்த்திகை 12, மாலை 5 மணி, பலத்த மழை, பனி, 1000, ஃபுல், பிழை 0.